ஓடாத தட்டு

அத்தியாயம் 3

"ஓடாத தட்டை எவம்மா திருடுவான்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான் புகழ்வேந்தன். சிரித்தது அவன் மட்டும்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த தையலம்மாள் சிரிக்கவில்லை. பாகூர் ஏரித் தண்ணீரில் நெல் போடுகிறவள். புருஷன் கண்ணையன் போன பிறகும் வரப்பில் நின்று ஆளை விரட்டி நடவு முடிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக டவுன் பஸ் பிடித்து, வில்லியனூர் உரக்கடையின் மாடிப்படி ஏறி வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மேசைக்குப் பின்னால் ஹசீனாவும் சிரிக்கவில்லை. அவள் எப்போது சிரிப்பாள் என்பது, உதவியாளன் என்ற முறையில் புகழ் இன்னும் துப்பறிந்து முடிக்காத விஷயங்களில் ஒன்று.

"நம்ம நாட்டுல ஓடாதுன்னு நீதானடா சொன்ன," என்றாள் தையலம்மாள். "ஓடலன்னா இன்னா? அது எம் பொண்ணு இருக்கிற தட்டு."

புகழின் சிரிப்பு வாயிலேயே வற்றிப்போனது. 'ஹசீனா டிடெக்டிவ்ஸ்' என்ற போர்டுக்குக் கீழே உட்கார்ந்து மாப்பிள்ளை எப்படி, மருமகள் எப்படி, காணாமல் போன பைக் எங்கே என்று விசாரித்துப் பிழைக்கிற இடத்தில் இப்படி ஒரு கேஸ் வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் அவனே சம்பந்தப்பட்ட கேஸ்.

அந்த டிவிடி தட்டை வரவழைத்துக் கொடுத்தவனே அவன்தான்.

தையலம்மாளின் மகள் சரண்யா, காரைக்கால் பையன் ஒருவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு பாரிஸ் பக்கம் போனவள். பையன் வேறு சாதி. "இனிமே அவ மொகத்துல முழிக்க மாட்டேன்" என்று தையலம்மாள் தெருவில் நின்று கத்தியது வாஸ்தவம். பெற்ற மனம் பித்து என்பதும் வாஸ்தவம்தானே. கண்ணையன் செத்த கையோடு அவள் கோபம் ஆறிவிட்டது. ஆனால் மகளைக் கூப்பிட்டால் அந்த நம்பரில் மணியே அடிக்கவில்லை. "அக்கா நம்மள பிளாக் பண்ணிட்டாம்மா" என்று சொல்லிவிட்டான் மகன் ராஜ்மோகன்.

அப்படி இருக்கும்போதுதான் ஆகஸ்ட் லீவுக்கு பாரிஸிலிருந்து வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர் புகழிடம் ஒரு சேதி சொன்னார். அங்கே டிவியில் பள்ளிக்கூடச் சமையல்காரிகளைப் பற்றி ஒரு படம் வந்ததாம். சேனல் மாற்றும்போது பார்த்தாராம். பாகூர் சரண்யா என்று ஒரு பெண் அதில் பேசினாளாம்.

புகழ் இன்டர்நெட்டில் தேடினான். படம் இருந்தது. தட்டினால் கறுப்புத் திரை: 'உங்கள் பகுதியில் கிடைக்காது.' சரி, காசு கொடுத்தே வாங்குவோம் என்று போனால் உங்கள் நாட்டுக்கு விற்பதில்லை என்றார்கள். ஊரை மாற்றிக் காட்டுகிற ஆப்பைப் போட்டால் அதையும் மோப்பம் பிடித்து வாசலிலேயே நிறுத்தினார்கள். புகழுக்கு ரத்தம் கொதித்தது. பிரான்சில் தேர்தல் என்றால் புதுச்சேரியில் ஓட்டுப்பெட்டி வைக்கிறான், பென்ஷன் மாசம் தவறாமல் அனுப்புகிறான், ஒரு தாய் தன் மகளைப் பார்க்கக் காசு தருகிறேன் என்றால் மட்டும் கதவைச் சாத்துகிறான். இதுவும் ஒரு நியாயமா? மதகடிப்பட்டு முக்கில் 'புகழ் வீடியோஸ்' நடத்திய காலத்தில், எல்லாம் ஒழுங்காக விற்ற சரக்கு என்று சத்தியம் செய்ய முடியாதுதான். இப்போது ஒழுங்காக வாங்க ஆசைப்பட்டால் வாங்கவும் வழியில்லை.

கடைசியில் அதே வாடிக்கையாளரை நச்சரித்து, அதற்கு அடுத்த லீவில், போன ஆகஸ்டில், அவர் பெட்டியில் தட்டு வந்து சேர்ந்தது. ராஜ்மோகனும் புகழுமாக அதைப் பழைய பிளேயரில் போட்டார்கள். 'பகுதி தவறு' என்று காட்டிவிட்டுத் துப்பியது. ரிமோட்டில் ரகசிய எண் தட்டிப் பார்த்தும் மசியவில்லை. இப்போது வருகிற லேப்டாப்புகளுக்குத் தட்டுப் போடுகிற வாயே கிடையாது.

"நம்மூரு பிராந்தி பாட்டில் மாதிரிதாம்மா," என்று அன்றைக்கு அவன்தான் தையலம்மாளுக்கு விளக்கினான். "'புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு'ன்னு போட்டிருக்கான் இல்ல, செக்போஸ்ட்டைத் தாண்டினா கேஸு. அது மாதிரி இது பிரான்சுல மட்டும்." நல்ல உதாரணம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்.

அட்டையில் ஒரு பெரிய குண்டானும் அதைக் கிளறும் இரண்டு கைகளும்தான் இருந்தன. முகம் இல்லை. தையலம்மாள் அந்தக் கைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, தட்டை பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து பாத்தா காணோம்," என்றாள் இப்போது. "நகை இருக்குது, பொடவை இருக்குது. அது மட்டும் இல்ல."

"அந்தத் தட்டப் பத்தி யாராண்டையாவது பேசுனீங்களாக்கா?" என்று கேட்டாள் ஹசீனா.

"வெளிய யாராண்டையும் பேசல. வூட்டுலதான் சொன்னேன். பையன் கல்யாணத்துக்குள்ள எப்பாடு பட்டாவது அத்த பாத்துடணும், புகழுகிட்ட மறுபடியும் சொல்லி வேற மெஷின் தேடச் சொல்றேன்னு. போன வாரம்."

ஹசீனா எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். எடுத்தவள் மூன்று தும்மல் தும்மினாள். கீழே இருக்கிற யூரியா ஒரு காரணம். பரண்மேல் இருக்கிற மூட்டைகள் இன்னொரு காரணம். 'புகழ் வீடியோஸ்' செத்தபோது மிஞ்சிய தட்டுகளை எல்லாம் உரச் சாக்கில் கட்டி அங்கேதான் அடுக்கியிருந்தான் புகழ்.

"அந்தக் குப்பைய எப்போடா தூக்கிப் போடுவ? முந்தாநாள் ஒன் மாப்பிள்ளத் தோஸ்த்து பழைய பாட்டுத் தட்டு தேடறேன்னு ஏறி உருட்டினான். இன்னும் எனக்குத் தும்மல் நிக்கல."

"பப்ஸு வாங்கிக் குடுத்தான் இல்ல? அத்த மட்டும் தும்மாம தின்னீங்க."

* * *

பாகூர் வீட்டில் ராஜ்மோகன் இருந்தான். சிவப்பாக, சினிமாவில் நிற்க வைத்தால் இரண்டு பாட்டுக்குத் தாங்குகிற மாதிரி இருப்பான். மண்ணாடிப்பட்டில் பெண் பார்த்து நிச்சயம் ஆகியிருந்தது. பெண் வீட்டார் விசாரிக்க வந்தபோது 'தங்கமான பையன்' என்று வாயாரச் சொன்னவன் புகழ்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, ஒரே ஏரியில் நீச்சல், ஒருத்தன் செய்த தப்புக்கு இன்னொருத்தன் அடி வாங்குகிற சிநேகம். பெரும்பாலும் அடி வாங்கியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

"இன்னா மச்சான், எங்கம்மா உங்களையும் அலைய வச்சிட்டாங்களா?" என்று தோளில் கை போட்டான் ராஜ்மோகன். மேசைமேல் கல்யாணப் பத்திரிகையின் அச்சு மாதிரி விரித்துக் கிடந்தது. அதை மடித்து நகர்த்திவிட்டு நாற்காலி போட்டான்.

ஹசீனா பீரோவைப் பார்த்தாள். பூட்டில் ஒரு கீறல் இல்லை. சாவி சாமி அறை ஆணியில் தொங்கியது.

"தொறந்து, எடுத்து, பூட்டி, சாவிய எடத்துல மாட்டியிருக்கான்," என்றான் புகழ். "ரொம்ப மரியாத தெரிஞ்ச திருடன்க்கா. வெளக்கேத்தி வச்சிட்டுப் போகாததுதான் கொற."

"கல்யாண வேலைக்கு வெள்ளையடிக்க ஆளுங்க வந்துக்கினு போய்க்கினு இருக்கானுங்க," என்றான் ராஜ்மோகன். "பளபளன்னு இருக்கவே எவனாவது எடுத்திருப்பான். வுடுங்க."

"வுடறதா?" தையலம்மாள் சமையலறையிலிருந்து கத்தினாள். "எம் பொண்ணு மொகத்தைப் பாக்கணும்டா எனக்கு."

ராஜ்மோகனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"பாத்துத்தான் இன்னா ஆவப்போவுது? கிராப்பு வெட்டிக்கினு, கண்ணாடி மாட்டிக்கினு, வெள்ளக்காரியாட்டம் நிக்கறா. அப்பா சாவுக்குக்கூட வராதவ. அவளுக்கு நாம வேணாம், நமக்கு மட்டும் அவ வேணுமா?"

தையலம்மாள் மோர் டம்ளர்களோடு வெளியே வந்து சுவரைப் பார்த்தாள். சுவர்ப் படத்தில் சரண்யா பள்ளிச் சீருடையில், இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். புகழுக்கு நண்பனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அவன் அம்மாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. ஹசீனா மட்டும் படத்தையும் ராஜ்மோகனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

* * *

ஏரிக்கரை டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள்.

"நீ கேட்ட கேள்வி நல்ல கேள்விடா. ஓடாத தட்டை எவன் திருடுவான்?"

"பைத்தியக்காரன்."

"ஓடவச்சுப் பாத்தவன்."

புகழ் டீயை வாயிலேயே நிறுத்திக்கொண்டான்.

"ஓடாதுன்னு நம்பறவனுக்கு அது வெறும் பிளாஸ்டிக்," என்றாள் ஹசீனா. "உள்ள இருக்கிறது வெளிய வந்துடுமோன்னு பயந்தவன்தான் எடுப்பான். பயப்படணும்னா பாத்திருக்கணும். அந்தம்மா வேற மெஷின் தேடப்போறேன்னு சொன்ன ஒடனே தட்டு மாயம்."

"நம்ம நாட்டுலதான் அது ஓடாதேக்கா. நானே போட்டுப் பாத்தேன்."

"நீ எதுல போட்ட?"

"என் பிளேயர்ல."

"அது எங்க வாங்குனது?"

"புதுச்சேரி, நேரு வீதி."

"தட்டு நாட்டைப் பாக்காதுடா. மெஷினு எங்க பொறந்துதுன்னுதான் பாக்கும். பிரான்சுல வாங்கின மெஷின் பாகூர்ல இருந்தா, அது இன்னும் பிரான்சுலதான் இருக்கறதா நெனச்சுக்கினு ஓட்டும்."

புகழ் தலையில் அடித்துக்கொண்டான். கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அடித்துக்கொண்டான். பாகூரில் பிரெஞ்சு மெஷினுக்கா பஞ்சம்? பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களைச் 'சொல்தா' என்பார்கள். சொல்தா வீடு எதற்குள் நுழைந்தாலும் டிவியிலிருந்து தோசைக்கல் வரை அங்கிருந்து பெட்டியில் வந்ததுதான். தட்டு விற்றுத் தின்றவன், அதுவும் இந்த மண்ணில் பிறந்தவன், கண்ணெதிரே இருந்ததை விட்டுவிட்டு ஒரு தாயிடம் போய் பாட்டில் உதாரணம் சொன்னானே!

முதல் சொல்தா வீட்டில் பூட்டு. இரண்டாவது வீட்டில் மெஷின் ரிப்பேர். மூன்றாவது ரோசம்மாள் வீடு. கவுன் போட்ட, எழுபதைத் தொடுகிற விதவை. பிள்ளைகள் ஆகஸ்டில் வந்து தங்குகிற முன்னறையை மற்ற மாதங்களில் துணி போட்டு மூடி வைத்திருந்தாள்.

"நான் ஹசீனா, வில்லியனூர். இவன் என் அசிஸ்டென்ட் புகழ்வேந்தன்."

ரோசம்மாள் புகழை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவனா? இல்லியே. புகழ்வேந்தன் வேறயாச்சே."

"இல்ல மதாம், நான்தான் புகழ்வேந்தன்," என்றான் புகழ். "எங்கப்பா வச்ச பேரு. ஆதார் இருக்குது, காட்டட்டுமா?"

"எனக்குத் தெரிஞ்ச புகழ்வேந்தன் செகப்பா, லட்சணமா இருப்பான். மதகடிப்பட்டுல வீடியோ கடை வச்சிருந்தேன்னு சொன்னான். போன வருஷம் மாதா திருநாள் முடிஞ்சு, என் புள்ளைங்க ஃபிளைட்டு ஏறின பிறகு வந்தான். ஒரு தட்டு ஓடுதான்னு பாக்கணும்னு கேட்டான். போட்டுக் குடுத்தேன்."

புகழுக்கு ஒன்றும் புரியவில்லை. தன் பெயரையும் கடையையும் சொல்லிக்கொண்டு ஒருத்தன் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். யாரோ வேண்டாதவன் செய்த வேலை என்றுதான் முதலில் நினைத்தான்.

"ஓடுச்சா?" என்றாள் ஹசீனா.

"ஓடாம? நானும் உக்காந்து கொஞ்சம் பாத்தேன். பள்ளிக்கூடத்துல சமைக்கிறவங்க கத. அதுல ஒரு பொண்ணு அவ அம்மாவப் பத்திப் பேச ஆரம்பிச்சா, அவன் டக்குனு நிறுத்திட்டான். மீதிய நான் தனியா பாக்கணும் மதாம்னு சொல்லிக் கதவச் சாத்திக்கினான். வெளிய வரும்போது கண்ணு செவந்திருந்துது. யாருக்கும் சொல்லாதீங்கன்னான்."

"அந்தப் பொண்ணு பாக்க எப்படி இருந்துச்சு?"

"நம்ம ஊருப் பொண்ணுன்னு சொன்னாத்தான் தெரியும். கிராப்பு வெட்டி, மூக்குக்கண்ணாடி போட்டு…"

மேற்கொண்டு அவள் சொன்னது எதுவும் புகழின் காதில் ஏறவில்லை. கிராப்பு. கண்ணாடி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு வாயிலிருந்து கேட்ட அதே வார்த்தைகள். அட்டையில் முகம் இல்லை. தட்டுக்குள் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. சரண்யா இந்த ஊரை விட்டுப் போனபோது பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கியது. அவன் எப்படிச் சொன்னான்?

போனை எடுத்து, நிச்சயதார்த்தத்தில் எடுத்த படத்தை நீட்டினான். படத்தில் ராஜ்மோகன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தான்.

"இதோ," என்று மலர்ந்தாள் ரோசம்மாள். "இவன்தான் புகழ்வேந்தன். பக்கத்துல நீ நிக்கறியே?"

ஹசீனா கேட்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருந்தாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. புகழுக்கு அதுவும் கோபம். தெருவில் இறங்கியதும் கேட்டுவிட்டான்.

"அவன் வூட்டுலயே சொல்லியிருக்கலாம் இல்லக்கா?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டான். அவளோடு சண்டை போட்டிருப்பான்.

* * *

"தட்டு எங்க இருக்கும்?" ஹசீனா வண்டியை உதைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏரியில போட்டிருப்பான்."

"போன வருஷம் பாத்தப்பவே போட்டிருக்கலாமே? திரும்பக் கொண்டாந்து பீரோவுலயே வச்சான். அக்கா மொகம் இருக்கிற தட்டு, ஒடைக்க மனசு வரல. யாரு பேர சொன்னானோ, பொருளையும் அவன் எடத்துலதான் வச்சிருப்பான்."

புகழுக்குப் பரண் ஞாபகம் வந்தது. வில்லியனூர் வரை வாயைத் திறக்கவில்லை. வண்டியில் போகும்போது அவன் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. ஹசீனா இரண்டு முறை திரும்பிப் பார்த்து, ஆள் பின்னால்தான் இருக்கிறானா என்று உறுதி செய்துகொண்டாள்.

பரண்மேல் ஏறினான். எல்லாச் சாக்கின்மேலும் விரல் கனத்துக்குப் புழுதி. ஒரு சாக்கின்மேல் மட்டும் கை வழித்த தடம். அதைக் கீழே தள்ளி அவிழ்த்தான். அடியில், வாஸ்து சாஸ்திர விளக்கம் என்று எழுதிய பழைய உறைக்குள், குண்டானும் இரண்டு கைகளும் போட்ட அட்டை மடங்கி இருந்தது. உள்ளே தட்டு.

"நல்ல எடம்தான் பாத்திருக்கான்," என்றான் புகழ். சிரிக்கத்தான் பார்த்தான், குரல் உடைந்துவிட்டது. "பப்ஸு வாங்கிக் குடுத்துட்டு வச்சிருக்கான்க்கா. நான் சட்னி கேட்டுக்கினு கீழ உக்காந்திருந்தேன். நாளைக்கு இது கெடச்சா, அந்தம்மா யாரைத் திருடன்னு சொல்லும்? என்னைத்தான சொல்லும்? இது தெரிஞ்சேதான வச்சான்?"

 ஹசீனா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாடு நாடாகக் கதவைச் சாத்தியவர்கள்மேல் அவனுக்கு இருந்த கோபமெல்லாம் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அவர்களாவது சாத்தினேன் என்று முகத்துக்கு நேரே எழுதிப் போட்டார்கள்.

* * *

வெயில் சாய்கிற நேரத்துக்கு ரோசம்மாள் முன்னறையின் துணிகளை உருவிவிட்டாள். தையலம்மாள் நாற்காலியில் உட்காராமல் டிவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். புகழ் தட்டைப் போட்டான். மெஷின் அதை மறுபேச்சு இல்லாமல் விழுங்கியது.

ஒரு பெரிய சமையற்கூடம். வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள். பிரெஞ்சில் ஏதேதோ பேச்சு. பிறகு ஒருத்தி தொப்பியைக் கழற்றினாள். குட்டையாக வெட்டிய முடி, கண்ணாடி.

"எளச்சுட்டா," என்றாள் தையலம்மாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வாசலில் செருப்புச் சத்தம். புகழ் போன் செய்து வரச் சொல்லியிருந்தான். ராஜ்மோகன் நிலைப்படியில் காலை வைத்தவன் திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

திரையில் யாரோ பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்டார்கள். "அம்மா இந்தப் படத்தைப் பாத்தா அவளுக்கு இன்னா சொல்லுவன்னு கேக்கறான்," என்றாள் ரோசம்மாள். சரண்யா கொஞ்ச நேரம் கரண்டியைத் துடைத்தாள். பிறகு தமிழில் பேசினாள்.

"அம்மா, ஞாயித்துக்கெழம ஆனா ஒனக்குப் போன் போடறேன். போவவே மாட்டேங்குது. எம் பேர எடுத்தாலே நீ எழுந்து போயிடறியாம், தம்பி மெசேஜ் போட்டான். அப்பா செத்ததையும் காரியம் முடிஞ்சப்புறம்தான் சொன்னான், நீ வரக்கூடாதுன்னு சொன்னியாம். பரவால்லம்மா. இங்க பசங்களுக்குச் சாம்பார் வைக்கறேன், ஒன்ன மாதிரியே. காரம்தான் போடக்கூடாதுன்றாங்க."

ஹசீனா படத்தை நிறுத்தினாள். தையலம்மாளின் மடியில் கிடந்த போனை எடுத்து, தடை செய்த எண்களின் பட்டியலைத் திறந்தாள். ஒரே ஒரு எண் இருந்தது. பிரான்சு நம்பர். சரண்யா என்ற பெயரில் சேமித்திருந்த எண் வேறு.

"பொண்ணு பிளாக் பண்ணலக்கா. இந்தப் போன்ல இருந்துதான் பொண்ண பிளாக் பண்ணியிருக்குது. நீங்க கூப்பிட்டுக்கினு இருந்ததும் தப்பு நம்பர்."

"எனக்கு அதெல்லாம் பண்ணத் தெரியாதே," என்றாள் தையலம்மாள். சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள்.

ராஜ்மோகன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"மொதல்ல கோவத்துலதாம்மா பண்ணேன். அப்பா அவளால படுத்துட்டாருன்னு. அப்புறம் எடுத்துடலாம், எடுத்துடலாம்னு… எடுத்தா இத்தன நாள் சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிடும். மண்ணாடிப்பட்டுல பொண்ணு வூட்டுலயும் எனக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லன்னு சொல்லிட்டேன்."

"என் பேர ஏன்டா சொன்ன?" என்றான் புகழ்.

"நீன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கடா. ஒன்ன எல்லாரும் நம்புவாங்க."

அந்தப் பதிலைச் சொன்னதற்கு ராஜ்மோகன் அவனை அடித்திருக்கலாம். அடித்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. 

"நானும் அப்படித்தாண்டா நம்பினேன்," என்றாள் தையலம்மாள் புகழைப் பார்த்து. "நம்ம நாட்டுல ஓடாதுன்னு நீ சொன்னதாலதான் ஒரு வருஷம் பொடவைக்கு அடியில போட்டு வச்சேன்."

திட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு அவள் மகனிடம் சொன்னாள்: "பத்திரிகையில ஒங்க அக்கா பேரு, மாமா பேரு ரெண்டும் போடு. போட முடியலன்னா எம் பேரையும் எடுத்துடு."

"அம்மா, அவங்க வூட்டுல இன்னா சொல்லுவாங்க…"

"ஹசீனா, அந்த நம்பரைப் போட்டுக் குடும்மா."

ஹசீனா தடையை எடுத்துவிட்டு எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்தது. தையலம்மாள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திரையில் சரண்யா கரண்டியோடு அப்படியே நின்றிருந்தாள்.

மணி நின்றது. முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா?" என்றது அந்தக் குரல், பயந்து பயந்து. "தெரியாம கை பட்டுடுச்சாம்மா?"

தையலம்மாள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். 

"இல்லடி," என்றாள். "தெரிஞ்சுதான் போட்டேன்."